சக்கரம் தொங்கும்போது இறுக்கிய போல்ட்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே குளிர் அதிகம் என்று சொன்னாய். காதை நன்றாக மூடிக்கொண்டு வெளியே போ. வீட்டில் பேசுவது கேட்கக் கூடாது என்று ஏற்கெனவே மூடித்தான் வைத்திருக்கிறாய். அதையே குளிருக்கும் பயன்படுத்திக்கொள்.

எலும்பு முறிவுப் பிரிவின் தாழ்வாரத்தில், மாவுக்கட்டு காயட்டும் என்று நானும் உன் மனைவியும் உட்கார்ந்திருந்தபோது, அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, அந்த இடத்துல நான் பிரேக்க மிதிச்சிருக்கக் கூடாதோ?" பணிக்காலம் முழுவதும் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வளைவையும் வேகத்தையும் உராய்வையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கரும்பலகையில் எழுதிவிடுவேன். அவள் கேள்விக்கு மட்டும் எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. "முதல்ல கை சேரட்டும்மா" என்று மழுப்பிவிட்டேன். இப்போது பதில் தெரியும். அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

போனில் சொல்லித்தான் பார்த்தேன். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுகிறாய், அதுவும் தப்பாக. காகிதத்தின் குறுக்கே உன்னால் பேச முடியாது.

நான் கோபமாக இருக்கிறேன். நீ பிறந்ததிலிருந்து உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. என் ஜியாமெட்ரி பெட்டியின் காம்பஸால் சுவரைக் குடைந்து எறும்புக்கு வீடு கட்டினாயே, அன்றைக்குக்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்தே தொடங்குகிறேன். நீ கூப்பிட்டபோது அவளால் போனைப் பிடிக்க முடியவில்லை. இடது கையில் பலகைக் கட்டு, வலது கையில் ஊசி. அதனால் நான் ஸ்பீக்கரில் போட்டேன். உன் முதல் கேள்வி, "பம்பர் போச்சா?" இரண்டாவது, "ஹெட்லைட் ஒரிஜினல் ஆச்சே, அது இருக்கா?" மூன்றாவது கேள்வியே இல்லை, தீர்ப்பு. "வளைவுல பிரேக் மிதிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? அம்மா, இனிமே சாவிய இவகிட்ட குடுக்காதீங்க." எதிர் பெஞ்சில் கால் ஒடிந்து உட்கார்ந்திருந்த ஒருவர், தன் வலியை மறந்து எங்களைப் பார்த்தார். அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிப் பையன் துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்ததும் உன் மனைவி சாவியைத் தன் பையிலிருந்து எடுத்து ஹாலில் ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து அதைத் தொடவில்லை.

யார் வண்டி அது? அவள் அப்பா ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்ற வண்டி. கல்லூரி நாளில் அதில்தான் அவள் ஓட்டப் பழகினாள். அவர் போன பிறகு அவளுக்கென்று வந்த ஒரே பொருள். கண் பரிசோதனைக்குப் பள்ளி பள்ளியாகப் போகிறவள். லென்ஸ் பெட்டி, எழுத்துப் பலகை, விளக்கு எல்லாம் பின் சீட்டில் ஏறும். இப்போது அந்தப் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நிற்கிறாள். போன வாரம் கண்டக்டர், "பெட்டிக்கும் டிக்கெட் எடும்மா" என்றாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி வண்டிக்கு வருகிறேன். போன விடுமுறையில் நீ வந்தபோது, முதல் நாளே அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இது காரா, கட்டிலா? திரும்பினா ஒரு பக்கமாப் படுத்துத் தூங்குது" என்றாய். உண்மைதான். பழைய வண்டி, மெத்தென்ற ஸ்பிரிங், வளைவில் நன்றாகவே சாயும். அவள் அப்போதே சொன்னாள், அந்தச் சாய்வு தனக்கு உதவிதான் என்று. எவ்வளவு வேகம் போதும் என்று வண்டியே சொல்லிவிடுகிறதாம். நீ கேட்டுச் சிரித்தாய். வண்டி பேசுமா என்று கேட்டாய். பரவாயில்லை, அதுவும் போகட்டும். சாய்வைக் குறைக்க நினைத்ததில் தவறே இல்லை. அதை நான் உனக்கு முழு மதிப்பெண் போட்டே சொல்கிறேன்.

முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்காக இணைக்கும் தடித்த கம்பி ஒன்றை வாங்கி வந்தாய். ஸ்டெபிலைசர் பார் என்றாய். நான் அதை எனக்கே ஓர் உதாரணத்தால் விளக்கிக்கொண்டேன். ஒரே கம்பை இரண்டு பேர் தோளில் வைத்து நடக்கிறார்கள். ஒருவர் பள்ளத்தில் இறங்கினால் மற்றவர் தோளும் கீழே இழுபடும். அவ்வளவு சுலபமாக ஒருவர் மட்டும் சாய முடியாது. அதேதான் வண்டியிலும். ஒரு பக்கம் அமுங்கினால் கம்பி முறுக்கேறி, மறுபக்கத்தின் உதவியோடு உடம்பை நிமிர்த்துகிறது. நல்ல யோசனை. கம்பியோடு, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளுக்கான புது ரப்பர் புஷ்களும் வந்தன. பழையதைத் தட்டி எடுத்துப் புதியதைப் போட்டாய். அதுவும் நல்ல யோசனை.

கெட்டது எங்கே என்றால், போல்ட்டை இறுக்கிய நேரத்தில். நான் உனக்கு டீ கொண்டு வந்தேன், நினைவிருக்கிறதா? வண்டி முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நின்றது. சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்த பிள்ளை மாதிரி. நீ அடியில் படுத்துக்கொண்டு, நீள ஸ்பேனரைக் காலால் உதைத்து உதைத்து இறுக்கிக்கொண்டிருந்தாய். "இனி இது இந்த ஜென்மத்துக்குக் கழலாதும்மா" என்றாய். பெருமையாகச் சொன்னாய்.

அந்த ரப்பர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துதானே போட்டாய்? நடுவே இரும்புக் குழாய், சுற்றி ரப்பர். போல்ட்டை இறுக்கினால் குழாய் அசையாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. ஆகவே வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் நேராக இருக்க வேண்டும். அப்போதுதான் மேலேயும் கீழேயும் கொஞ்சம் கொஞ்சம் முறுக்க இடம் இருக்கும். நீ சக்கரம் தொங்கும்போது இறுக்கினாய். வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடமே ரப்பர் முழுசாக முறுக்கிக்கொண்டது. பஸ்ஸில் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு தூங்கிப் பார்த்திருப்பாய். காலையில் அந்தக் கழுத்தோடு வேலைக்குப் போனால் எப்படி இருக்கும்? அந்த ரப்பர் ஒரு நாள் விடாமல் அப்படித்தான் இருந்தது, ராத்திரி ஷெட்டில் நிற்கும்போதும்.

வண்டியை இறக்கியதும் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றது. நீ எங்கள் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எப்படி நிமிர்ந்து நிக்குது!" என்றாய். அப்பா கைதட்டினார். அது நிமிர்ந்து நிற்கவில்லை. முறுக்கிய ரப்பர் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது.

நீ போன பிறகு, மழைக்காலத்துக்கு முன்னாலேயே, அவள் உன்னிடம் போனில் சொன்னாள். "பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குதுங்க." நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ சொன்னது எனக்கும் கேட்டது. "ஸ்டியரிங்க ஒழுங்காப் பிடி." அப்புறம் இன்னொரு தடவை சொன்னாள். "மழைல எல்லா வண்டியும் இழுக்கும்" என்றாய். மூன்றாம் தடவை அவள் உன்னிடம் சொல்லவில்லை. நேராக மெக்கானிக் ஜாக்கி அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அவர் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சார் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா, அவர் போட்டத நான் தொட்டா என் மேல பாய்வாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் வண்டி. அதை அவள் பழுது பார்க்க உன் அனுமதி வேண்டும். இந்த வாக்கியத்தை நீயே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்.

பிறகுதான் அந்த வளைவு. மரக்கடைச் சுவர் ஓரமாக வலப்பக்கம் திரும்பும் சாலை. எதிரே தண்ணீர் லாரி நடுச் சாலையில் வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். நீயும் மிதித்திருப்பாய், நானும் மிதித்திருப்பேன், லாரிக்காரரும் மிதித்தார். லாரி நின்றது. இவள் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது.

இதற்கு மேல் எழுதினால் காகிதம் கிழியும். நாளைக்குத் தொடர்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இரவு கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, கையெழுத்து மட்டும் கொஞ்சம் நேராகியிருக்கிறது.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். மட்கார்டும் பம்பரும் நசுங்கின, சக்கரம் தப்பித்தது. ஜாக்கி அண்ணன் என்னைப் பார்த்ததும், "பொம்பளைங்க ஓட்டுறதே இப்படித்தான் டீச்சரம்மா, பயந்தா ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சிடுவாங்க" என்றார். பக்கத்தில் உன் மனைவி கட்டுப்போட்ட கையோடு நிற்கிறாள். அவரிடம் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவர் சொன்னது உன் வாக்கியம். கடன் வாங்கிச் சொன்னார்.

அவள், "அண்ணா, வண்டிய குழி மேல நிறுத்துங்க, அடியில பாக்கணும்" என்றாள். அவர் வேண்டாவெறுப்பாக நிறுத்தினார். சக்கரம் தரையில், அடியில் குழி. இறங்கப் போனவளை நான் நிறுத்தினேன். ஒற்றைக் கையோடு எண்ணெய்ப் படியில் எப்படி இறங்குவாள்? "டீச்சரம்மா, வழுக்கும், நீங்க எதுக்கு?" என்றார் அவர். "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு கை இருக்கு, அதுல ரெண்டு என்கிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஆம், உன் அம்மாதான். முழங்கால் வலிக்காரி. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு கார் அடியில் நின்றேன்.

அவள் குழி ஓரத்தில் குனிந்து டார்ச் அடித்தாள். இடப்பக்க ரப்பர் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. பிரேக் போட்டால் அந்தச் சக்கரம் பிடிப்பில்லாமல் பின்னுக்கு நகர்ந்து வண்டியை இடப்பக்கம் இழுக்கும். "இடிச்சதுல கிழிஞ்சிருக்கும்" என்றார் ஜாக்கி அண்ணன். அவள் தன் பையிலிருந்து, வேலையில் கண்ணுக்குள் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தாள். படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு, "புதுசாக் கிழிஞ்சா உள்ளே சுத்தமா இருக்கும். இதுல அழுக்கு படிஞ்சு, தேஞ்சு, வழுவழுன்னு ஆயிருக்கு. ரொம்ப நாளாக் கிழிஞ்சு கிடக்கு" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "ரப்பர் மட்டமான சரக்கா இருக்கும்" என்றார். "அப்ப இடிபடாத பக்கத்தைப் பாப்போம்" என்றாள்.

வலப்பக்க ரப்பரிலும் அதே இடத்தில் கீறல் விழுந்திருந்தது. சுவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. "அத்தை, அந்தப் போல்ட்டைத் தளர்த்துங்க" என்றாள். நான் தொங்கினேன், நகரவில்லை. "உங்க பலம் வேண்டாம் அத்தை, எடை போதும்" என்றாள். என் பணிக்காலத்தில் இவ்வளவு மோசமான பாராட்டை யாரும் எனக்குத் தந்ததில்லை. எடையைப் போட்டேன். "டொக்" என்று ஒரு சத்தம். முறுக்கு விட்டது. வண்டியின் மூக்கு என் கண் முன்னால் இரண்டு விரல் கீழே இறங்கியது.

நீ எங்களை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டிய நிமிர்வு அந்த இரண்டு விரல்தான்.

ஜாக்கி அண்ணன் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருக்காங்க" என்றார், மெல்ல. பிறகு அவளைப் பார்த்து, "தங்கச்சி, நான் வாய் தவறிப் பேசிட்டேன்" என்றார். அவருக்கு அதைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் பிடித்தது. "சாரை நான் குறை சொல்லல டீச்சரம்மா" என்று என்னிடமும் சொன்னார். நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

புது ரப்பர் போட்டு, சக்கரம் தரையில் நிற்கும்போதே இறுக்கியாயிற்று. தடித்த கம்பியைக் கழற்றிவிடட்டுமா என்று அவர் கேட்டார். கழற்றச் சொல்லுவாள் என்று நானும் நினைத்தேன். "வேண்டாம்ணா, கம்பி நல்ல கம்பிதான், அது அதோட வேலையச் செய்யுது" என்றாள். உன் வேலையில் இருந்த நல்லதை அவள் கழற்றி எறியவில்லை. அவளுடைய ஓட்டுதலில் இருந்த நல்லதை நீ ஒரு போன் பேச்சில் எறிந்தாய்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே குஷி. கணக்குக்கு விடை வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "பாத்தியா, பிரேக் மிதிச்சது சரிதான், தப்பு உன்மேல இல்ல" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அது எனக்கு அந்த இழுப்பு தொடங்கினப்பவே தெரியும் அத்தை. அடிபட்டதும் ஒரு நாள் குழம்பிட்டேன், அவ்வளவுதான். தப்பு என்மேலயே இருந்திருந்தாலும் முதல்ல பம்பரையா கேட்கணும்?"



அன்று மாலை அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி துடைத்தாள். அவள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்கு வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறார்கள், தெரியுமல்லவா? போன வருடம் பொறுப்பேற்கச் சொன்னபோது, "அவர் லீவுல வரும்போது நான் வீட்டுல இல்லன்னா எப்படி" என்று மறுத்தாள். மறுபடி கேட்டிருக்கிறார்கள். தங்க அறை தருகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லப் போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வண்டியையும் எடுத்துக்கொண்டு போவாயா என்று கேட்டேன். "சாவி உங்க வீட்டு ஆணியில இருக்கு அத்தை" என்றாள். அதுவரை அவள் அதை நம்ம வீடு என்றுதான் சொல்லுவாள்.

அப்பா முதலில் உன் பக்கம் பேசினார். பழைய வண்டி பெண்களுக்குக் கனம் என்றார். இப்போது தன் காபியைத் தானே போட்டுக் குடிக்கிறார். சர்க்கரை டப்பா எங்கே என்று இன்னும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் அவளை இரு என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். "அவன் சுபாவம் அப்படி, நீதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்கிற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ அம்மாக்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அதை விழுங்கிவிட்டேன். உன் வேலையை இனி நான் செய்வதாக இல்லை.

நீ செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அவற்றைத்தான் முதலில் செய்வாய். புது பம்பர் அனுப்புகிறேன் என்று எழுதாதே. போல்ட்டை இவ்வளவு இறுக்கத்தான் சொல்லியிருந்தது என்று வாதாடாதே. எவ்வளவு இறுக்கினாய் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எனக்குப் போன் செய்து "அவ என்ன மூடுல இருக்கா?" என்று உளவு கேட்காதே. எடுக்க மாட்டேன்.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் இவ்வளவு காகிதம் வீணாக்கியிருக்க மாட்டேன். என் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், அவளோடு சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் விளக்கை அணைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். கோபம் வந்த நாளிலும் அதை நினைக்காமல் தூங்கியதில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். வலது கையால் மட்டும் சட்டையை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போடு. ஷூவின் கயிற்றையும் கட்டு. நடுவில் மறந்து இடது கையை நீட்டிவிட்டால், கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. முடித்ததும் அவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
அம்மா